காட்டு ஓடையில் கலங்கல் அளக்கிறீர்களா? எண் ஒத்துவராதபோது எங்கே பார்ப்பது

தென்னாப்பிரிக்காவில், குவாசுலு நட்டாலின் உள்நாட்டு மலைப்பகுதியில், கார்க்லூஃப், ஹோவிக் பக்கத்து ஓடைகளில் தண்ணீர் அளக்க பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் வருகிற நம்ம தமிழ் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், மீதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "மாமா, மிஷின் கெட்டுப்போச்சு, எண் தாறுமாறா வருது." பெரும்பாலும் மிஷின் கெட்டிருக்காது. தண்ணீருக்கும் திரையில் தெரியும் எண்ணுக்கும் நடுவில் ஏதோ ஒன்று புகுந்திருக்கும், அதை அறிகுறியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புரியாவிட்டால் கீழே இருப்பது எதுவும் உதவாது. கலங்கல் மானி மண்ணை அளப்பதில்லை. தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, பக்கவாட்டில் சிதறி வருவது எவ்வளவு என்று பார்க்கிறது, அவ்வளவுதான். வண்டல் என்பது எடை, ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தராசில் வருவது. ஒளியை அளந்துவிட்டு எடையைச் சொல்லப் பார்க்கிறோம், அந்த இடைவெளியில்தான் முக்கால்வாசிக் குழப்பம் இருக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் மூன்று காரியம் செய்யுங்கள். ஓடையில் ஒரு கண்ணாடி பாட்டிலை முக்கி எடுத்து வெளிச்சத்தில் கண்ணால் பாருங்கள். மேலே மழை பெய்ததா, மரம் வெட்டுகிறார்களா, மாடு இறங்கியதா என்று விசாரியுங்கள். அப்புறம் ஓடைக்குள் இருக்கும் சென்சார் காட்டும் அதே நிமிடத்தில் கைமானியிலும் ஒரு எண் எடுத்து, இரண்டையும் நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். சென்சாரை முதலில் துடைத்துவிட்டு எண் எடுத்தால் அழுக்கு எவ்வளவு கூட்டிக் காட்டியது என்பதற்கான சாட்சியே போய்விடும், அதனால் துடைப்பது கடைசி வேலை.

ஒரே பாட்டில், அழுத்தும் ஒவ்வொரு தடவையும் வேறு எண்

கைமானியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள்.

அழுத்த அழுத்த இறங்கிக்கொண்டே போனால் இரண்டில் ஒன்று, மண் படிகிறது அல்லது காற்றுக் குமிழி வெளியேறுகிறது. மானிக்குள் வைக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியை மூடி மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். எண் பழைய உயரத்துக்குத் திரும்பிவிட்டால் படிந்தது மண். திரும்பாமல் கீழேயே நின்றால் முதலில் பார்த்தது குமிழி. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் யாரும் செய்வதில்லை.

மண் படிகிற வேகம் துகளின் அளவைப் பொறுத்தது, அதுவும் பயங்கரமாக மாறும். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் குப்பியில் 0.1 மில்லிமீட்டர் மணல் ஆறேழு நொடியில் அடிக்குப் போய்விடும். 0.02 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். 0.002 மில்லிமீட்டர் களிமண்ணோ நாலு மணி நேரம் ஆனாலும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். ஆக, குப்பியைக் கவிழ்த்து மானிக்குள் வைத்து மூடுவதற்குள்ளேயே மணல் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது, இதை ஒன்றும் செய்ய முடியாது. நம்மால் முடிந்தது, எல்லாரும் ஒரே மாதிரி செய்வது: பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து, வைத்து, பத்து நொடி விட்டு அழுத்தி, இதையே மூன்று முறை செய்து நடு எண்ணை எழுதுங்கள். குலுக்க வேண்டாம், குலுக்கினால் குமிழி நிச்சயம். குளிர்கால விடியலில் எடுத்த ஜில்லென்ற தண்ணீர் வண்டிக்குள் சூடேறும்போது, கரைந்திருந்த காற்று தானாகவே பொடிப்பொடிக் குமிழியாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், குலுக்காமலேயே எண் ஏறும். குப்பியை விரலால் லேசாகத் தட்டிவிட்டுப் பாருங்கள்.

எண் ஏறிக்கொண்டே போனால் குப்பியின் வெளிப்பக்கம் வேர்க்கிறது என்று அர்த்தம். ஜனவரி மாதத்து ஈரக்காற்றில் மலை ஓடைத் தண்ணீரைக் குப்பியில் ஊற்றினால் அரை நிமிடத்தில் கண்ணாடி பனித்துவிடும். துடையுங்கள், கொஞ்ச நேரம் நிழலில் வைத்துக் காற்றின் சூட்டுக்கு வரவிட்டு மறுபடி கவிழ்த்து அளங்கள்.

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, குப்பியைத் திருப்பி வைக்கும்போதெல்லாம் மாறுகிறதா? கீறல் அல்லது விரல் ரேகை. குப்பியில் இருக்கும் அம்புக்குறியை மானியில் இருக்கும் குறியோடு ஒவ்வொரு தடவையும் சேர்த்து வைக்க வேண்டும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள், டிஷ்யூ பேப்பரும் வேண்டாம், இரண்டுமே நூல் விடும். நூல் விடாத மெல்லிய துணி, அதில் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய், கண்ணாடி முழுக்கத் தடவி, எண்ணெய் இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். நுண்கீறல்களை அது நிரப்பிவிடும். நகம் தட்டுப்படும் கீறல் விழுந்த குப்பியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தெளிந்த தண்ணீர், ஆனால் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை

பூஜ்யம் பார்க்க எதை ஊற்றினீர்கள்? கடையில் வாங்கிய குடிநீர் பாட்டில் பூஜ்யம் இல்லை. திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீரில் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஏதாவது வளர்ந்திருக்கும். 0.2 மைக்ரான் வடிதாளில் அன்றைக்கே வடித்த நீர்தான் சரி. எண் பூஜ்யத்துக்குக் கீழே போகிறதென்றால், அளவுதிருத்தம் செய்த நாளில் பூஜ்யத்துக்கு வைத்த நீர் உங்கள் ஓடையைவிட அழுக்காக இருந்திருக்கிறது.

மானியின் அளவைத் திருத்தப் பயன்படும் கலங்கல் கரைசலான ஃபார்மசினை நீர்த்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அதையே பயன்படுத்துகிறவர்கள் உண்டு. 4000 என்டியு (கலங்கலின் ஓர் அலகு) மூலக்கரைசல் தாங்கும். அதை 20க்குக் கீழே நீர்த்துவிட்டால் அன்றைக்கே பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும். ஹைட்ரசீன் சல்ஃபேட்டில் செய்வது அது, நச்சு, கையுறை இல்லாமல் தொடவிடாதீர்கள், முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளை.

இரண்டு மானி, ஒரே தண்ணீர், இரண்டு எண்

இரண்டுமே சரியாக இருக்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 180.1 முறைப்படி செய்த மானியில் டங்ஸ்டன் விளக்கின் வெள்ளை ஒளி. ஐஎஸ்ஓ 7027 என்ற சர்வதேசத் தரத்தின்படி செய்ததில் 860 நானோமீட்டர் அகச்சிவப்பு. முதலாவது என்டியு, இரண்டாவது எஃப்என்யு. ஃபார்மசினில் இரண்டும் ஒத்துப்போகும், ஓடைத் தண்ணீரில் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

காட்டு ஓடையில் இது கூடுதலாகக் குழப்பும், ஏனென்றால் இலைச் சாறு இறங்கித் தேநீர் நிறத்தில் இருக்கும் தண்ணீர் வெள்ளை ஒளியை விழுங்கிவிடுகிறது, சிதற வேண்டியது சிதறி வெளியே வருவதில்லை, மானி குறைத்துக் காட்டும். அகச்சிவப்பு அந்த நிறத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. உங்கள் ஓடையில் அந்த நிறம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கொஞ்சம் தண்ணீரை வடிதாளில் வடித்து வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். வடித்த பிறகும் பழுப்பு தெரிந்தால் நிறம் தண்ணீரிலேயே கரைந்திருக்கிறது. மேற்கு கேப் மலை ஓடைகளில் இது நன்றாகவே தெரியும், நம் பக்கத்தில் இலை உதிர்ந்து தேங்கிய குட்டைகளுக்குக் கீழே பார்க்கலாம்.

என் கருத்து, ஒரு ஓடைக்கு ஒரே வகை மானி, கடைசி வரைக்கும் அதே. நடுவில் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். நோட்டில் வெறும் "கலங்கல் 14" என்று எழுதாமல் எந்த அலகு, எந்த மானி என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

மழையே இல்லை, ஆனால் ஓடைக்குள் இருக்கும் சென்சாரின் எண் நாளுக்கு நாள் ஏறுகிறது

லென்ஸில் பாசி. வேறு எதையும் யோசிக்கும் முன் இதைப் பாருங்கள். ஏற்றம் மெதுவாக, வளைந்து, நாட்கணக்கில் போகும். திடீரென்று ஒரு வெள்ளம் வந்து எண் கீழே விழுந்தால் வெள்ளமே லென்ஸைக் கழுவிவிட்டது. வெயில் விழும் இடத்தில் சீக்கிரம் வரும், மரநிழலில் மெதுவாக வரும். பாசி மட்டும் இல்லை, சில இடங்களில் கருப்பு ஈயின் புழுக்கள் சென்சார் முகத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டு உடலை ஆட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எண் துள்ளும், வரைபடம் ரம்பப் பல் மாதிரி வரும்.

வைப்பர் இருக்கும் சென்சார் என்றால் வைப்பரின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, அதில் மணல் சிக்கியிருக்கிறதா பாருங்கள். மணல் சிக்கிய வைப்பர் ஒவ்வொரு துடைப்புக்கும் லென்ஸைக் கீறும், அதற்கு வைப்பர் இல்லாமல் இருப்பதே மேல்.

துடைப்பது கடைசி வேலை என்று மேலே சொன்னேன். துடைப்பதற்கு முன் ஒரு எண், துடைத்தவுடன் ஒரு எண், இரண்டையும் எழுதுங்கள். முன்னது 23, பின்னது 8 என்று வைத்துக்கொள்வோம். அந்த 15ஐப் போன தடவை துடைத்த நாளிலிருந்து இன்றைக்கு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கழிக்கலாம், நடுவில் வெள்ளம் ஏதும் வரவில்லை என்றால். வந்திருந்தால் நேர்கோட்டில் கழிக்கக் கூடாது, வெள்ளத்துக்கு முன், பின் என்று பிரித்துப் பாருங்கள். திருத்தினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள், தனியாக வைத்திருங்கள்.

திடீரென்று ஒரு முள் போல ஏறி, அடுத்த எண்ணிலேயே இறங்கிவிடுகிறது

ஒற்றை எண் மட்டும் 6, 7, 480, 7 என்று வந்தால் ஓர் இலை லென்ஸைக் கடந்திருக்கும், அல்லது நண்டு உட்கார்ந்திருக்கும். அதை நீக்கலாம். நீக்கியதை எழுதி வையுங்கள். சென்சாரின் எண்களைப் பதிந்து வைக்கும் லாகர் பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு எண் எடுக்கிறதா, அல்லது அரை நிமிடத்தில் பல எண் எடுத்து நடு எண்ணைச் சேமிக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகைக்கு மாற்றினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

ஆனால் கை பரபரக்க எல்லா முள்ளையும் பிடுங்கிவிடாதீர்கள். உண்மையான கலங்கல் வேகமாக ஏறும், மெதுவாகத்தான் இறங்கும், ஒரு வால் விட்டுப் போகும். மழை இல்லாத நாளில் வால் உள்ள ஏற்றம் வந்தால் மிஷினைச் சந்தேகப்படாமல் மேலே நடந்து போய்ப் பாருங்கள். மாடு இறங்கியிருக்கும். மரம் ஏற்றிய லாரி ஓடையைக் குறுக்கே தாண்டியிருக்கும். மண் சாலையைக் கிரேடர் வைத்துச் சீவியிருப்பார்கள், தளர்ந்த மண் ஓடையோரம் குவிந்திருக்கும். தோட்டக்காடுகளில், அது பைனாக இருக்கட்டும், யூகலிப்டஸாக இருக்கட்டும், வாட்டிலாக இருக்கட்டும், ஓடைக்கு வரும் மண்ணில் பெரும் பங்கு மரம் நிற்கும் சரிவிலிருந்து வருவதில்லை, சாலையிலிருந்தும் ஓடைத் தாண்டல்களிலிருந்தும்தான் வருகிறது. வார நாட்களில் காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மட்டும் ஏற்றம் வருகிறதென்றால் எந்த நண்டும் அப்படி நேரம் பார்த்து வராது. இந்த ஏற்றங்களைப் "பிழை" என்று நீக்கிவிட்டு, கடைசியில் "ஓடை சுத்தமாக இருக்கிறது" என்று அறிக்கை எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு மனது கேட்பதில்லை. நாம் அளக்கப் போனதே அதைத்தான்.

வெள்ளத்தில் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டு நிற்கிறது

எண் 1000க்கோ 4000க்கோ ஏறி, கத்தியால் சீவியது போல நேர்கோடாக ஒரு மணி நேரம் ஓடி, அப்புறம் இறங்கினால் சென்சாரின் எல்லை முடிந்துவிட்டது. லாகரில் எல்லையைக் கூட்ட இடமிருந்தால் கூட்டுங்கள், தாழ்ந்த எண்களில் கொஞ்சம் நுணுக்கம் போகும், பரவாயில்லை. இரண்டாவது சென்சார் ஒன்றை உயர்ந்த எல்லையில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

இதைவிட ஆபத்தானது, உச்சி தட்டையாகக்கூட இல்லாமல் நடுவில் குழியாக இறங்குவது. களிமண் மிகமிக அதிகமாகும்போது சிதறிய ஒளி திரும்பி வரும் வழியிலேயே விழுங்கப்பட்டுவிடும், மண் கூடக்கூட எண் குறையும். வரைபடத்தில் இரண்டு உச்சி, நடுவில் பள்ளம். இரண்டு வெள்ளம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள், நீர்மட்டக் கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதில் ஒரே உச்சி இருந்தால் பள்ளம் பொய். கைமானியிலும் இதே எல்லை உண்டு. 180.1 முறை 40 என்டியுவுக்கு மேல் போனால் நீர்த்து அளக்கச் சொல்கிறது. நீர்க்கும்போது பாட்டிலை நன்றாகக் கலக்கிவிட்டு எடுங்கள், மேலாக எடுத்தால் தெளிந்த பாகம்தான் வரும்.

இந்த உச்சிக்காக இவ்வளவு மெனக்கெடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓடை ஒரு வருடத்தில் சுமக்கும் வண்டலில் பெரும் பங்கு சில வெள்ள நாட்களிலேயே போய்விடும். கார்க்லூஃப் தண்ணீர் உம்கேனி ஆற்றில் கலந்து டர்பன் வரைக்கும் போகிறது. 1917 அக்டோபரில் அந்த ஆறு பொங்கி ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் காய்கறி போட்டு வாழ்ந்த நம்ம ஆட்களின் குடிசைகளை அடித்துக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவட்டனும் கூட ஐந்து பேரும் படகில் இறங்கி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடியும் பெருவெள்ளத்தைப் பார்த்தோம். அப்படிப்பட்ட நாட்களில் மேட்டிலிருந்து எவ்வளவு மண் கிளம்பியது என்று கேட்டால், வெட்டுப்பட்ட உச்சியிலிருந்து பதில் சொல்ல முடியாது.

குளிர்காலத்தில் எண் பூஜ்யம், அல்லது பைத்தியம் பிடித்தது போல் ஆடுகிறது

ஜூன் முதல் ஆகஸ்டு வரை தண்ணீர் வற்றும், சென்சார் வெளியே தெரிகிறது. நீர்மட்டத்தைப் பாருங்கள், போதும். பகலில் மட்டும் ஆடினால் நேர் வெயில் லென்ஸில் விழுகிறது, கீழே பார்க்குமாறு சாய்த்துக் கட்டுங்கள். எப்போதும் உயர்ந்தே நின்றால் மணலில் புதைந்திருக்கும்.

கலங்கல் எண்ணும் ஆய்வகத்து எடையும் ஒத்துப்போகவில்லை

இதுதான் எல்லாரையும் சோர்வடையச் செய்யும் இடம். 100 என்டியு ஒரு நாள் லிட்டருக்கு 90 மில்லிகிராம், இன்னொரு நாள் 240. இதில் யாரும் தவறு செய்யாமலிருக்கவும் வாய்ப்பு உண்டு.

துகள் அளவு மாறியிருக்கலாம். ஒரே எடை என்றால் நுண்ணிய களிமண், மணலைவிடப் பல மடங்கு ஒளியைச் சிதறடிக்கும், ஏனென்றால் மேற்பரப்பு அதிகம். வெள்ளம் ஏறும்போது மணலும் சேர்ந்து மிதக்கும், இறங்கும்போது மணல் படிந்து களிமண் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஏறும் பக்கத்துப் பாட்டில்களையும் இறங்கும் பக்கத்துப் பாட்டில்களையும் வேறு வேறு நிறத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டு தனித்தனிக் கோடாகப் பிரிந்தால் அது பிழை இல்லை, ஓடையின் குணம். கலங்கல் எண்ணை எடையாக மாற்ற இரண்டு சமன்பாடு போட்டுக்கொள்ளுங்கள். நீர்மட்டத்தோடு வைத்துப் பார்த்தாலும் இப்படித்தான், மண் உச்சி பெரும்பாலும் நீர் உச்சிக்கு முன்னாலேயே வந்துவிடும், ஓடையிலும் சாலையிலும் தயாராகக் கிடந்ததை முதல் தண்ணீர் வாரிக்கொண்டு போவதால்.

இலைத்தூள் இருக்கலாம். மக்கிய இலை ஒளியைச் சிதறடிக்கும், எடையில் ஒன்றும் இருக்காது. எடை பார்த்த வடிதாளை 550 டிகிரியில் எரித்து மறுபடி எடை போட்டால் போனது உயிர்ப்பொருள், நின்றது கனிம மண். வெட்டாத இயற்கைக் காட்டு ஓடைகளில் இந்தப் பங்கைப் பிரிக்காமல் எழுதும் வண்டல் கணக்கை நான் நம்ப மாட்டேன்.

ஆய்வகம் எப்படி அளந்தது என்றும் கேளுங்கள். பாட்டிலைக் கலக்கி, அதிலிருந்து பிப்பெட்டில் கொஞ்சம் உறிஞ்சி வடிப்பது ஒரு முறை. முழு பாட்டிலையும் கடைசி மணல் வரைக்கும் கழுவி ஊற்றி வடிப்பது இன்னொரு முறை. கழிவுநீருக்காக வந்தது முதல் முறை, அதில் பிப்பெட் நுனிக்கு வருவதற்குள் மணல் அடியில் போய் உட்கார்ந்துவிடும், எடை குறைவாகத்தான் வரும். ஓடை வண்டலுக்கு முழு பாட்டில் முறையையே கேளுங்கள். இரண்டு முறையில் வந்த எண்களை ஒரே அட்டவணையில் கலந்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், பழைய கோப்புகளில் நிறையவே இருக்கும்.

அப்புறம், பாட்டில் எங்கே நிரப்பியது? ஓரத்துத் தேக்கத்தில் குனிந்து எடுத்த தண்ணீர் ஓடை முழுக்கக் கலந்த தண்ணீர் ஆகாது. சென்சார் நடு நீரோட்டத்தில், பாட்டில் கரையோரத்தில் என்றால் எப்படி ஒத்துப்போகும்?

எல்லாம் சரியாக இருந்தும் உயர்ந்த எண்களுக்குப் பாட்டிலே இல்லை என்றால், சமன்பாட்டின் மேல் பாதி வெறும் ஊகம். நாம் போகிற நாளில் ஓடை தெளிந்திருக்கும், வெள்ளமோ நள்ளிரவில் வரும். இதற்கு நல்ல வழி காட்டியது கலிஃபோர்னியாவின் காஸ்பர் கிரீக் காட்டு ஓடைகளில் ஜாக் லூயிஸ், ராண்ட் ஈட்ஸ் இருவரும் செய்த வேலை. கலங்கல் குறிப்பிட்ட படிகளைத் தாண்டும்போதெல்லாம் தானாகத் தண்ணீர் எடுக்கும் பெட்டிக்கு லாகரே கட்டளை கொடுக்கும், ஏறும்போது சில பாட்டில், இறங்கும்போது சில பாட்டில். மணிக்கு ஒன்று என்று வைத்து 24 பாட்டிலையும் தெளிந்த தண்ணீரில் நிரப்புவதைவிட இது எவ்வளவோ மேல். கணக்கு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மடக்கை எடுத்துக் கோடு போட்டு, அதை அப்படியே திருப்பி மாற்றினால் வண்டல் குறைவாக வரும். டுவான் 1983இல் கொடுத்த திருத்தத்தைப் போட்டுவிடுங்கள்.

வடித்த பிறகு வடிதாளின் எடை குறைந்திருக்கிறது, அல்லது நிற்கவே மாட்டேன் என்கிறது

எடை குறைந்தால் கண்ணாடி இழை உதிர்ந்திருக்கிறது. புது வடிதாளை நேராக எடை போடக் கூடாது. மூன்று தடவை காய்ச்சி வடித்த நீர் ஊற்றி உறிஞ்சிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகு வருவதுதான் ஆரம்ப எடை. வடித்து முடித்ததும் வடிதாளின் ஓரம் வடிகட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு பிய்கிறதா என்றும் பாருங்கள், தட்டையான முனை உள்ள இடுக்கியால் மெதுவாகத் தூக்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வடிதாளில் வெறும் தூய நீரை மட்டும் வடியுங்கள், அதன் எடை மாறினால் மற்றவை எல்லாமே சந்தேகத்துக்குரியவை.

எடை நிற்காமல் ஓடுகிறதா? சூடாகவே தராசில் வைத்திருப்பீர்கள், சூட்டில் காற்று மேலே எழும்பித் தட்டைத் தூக்கும், எடை குறைவாகக் காட்டி மெல்ல ஏறும். ஆறியும் ஏறினால் ஈரம் இழுக்கிறது. உலர்கலத்தில் இருக்கும் சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள், நீலவகை என்றால் இளஞ்சிவப்பாகியிருக்கும், அடுப்பில் வைத்து மீட்டெடுங்கள். டர்பன் கடலோரத்தில் ஆய்வகம் வைத்திருப்பவர்கள் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மின்வெட்டு நம் ஊருக்கே உரிய தொல்லை. 103 முதல் 105 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர வேண்டியது, நடுராத்திரி கரண்ட் போய் அடுப்பு ஆறி, கரண்ட் வந்து மறுபடி சூடாகி, காலையில் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது போலத்தான் தெரியும். அடுப்புக்குள் உச்ச, தாழ் வெப்பத்தைப் பதியும் ஒரு வெப்பமானியைப் போட்டு வையுங்கள். சந்தேகம் வந்தால் இன்னொரு மணி நேரம் உலர்த்தி, ஆறவிட்டு, எடை போட்டு, இரண்டு எடைக்கும் வித்தியாசம் 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வரும் வரைக்கும் செய்யுங்கள்.

கணக்கு எளிது. ஆரம்ப எடை 0.1112 கிராம், முடிவு 0.1298, வித்தியாசம் 18.6 மில்லிகிராம். பாட்டிலில் இருந்தது 0.62 லிட்டர் என்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராம். தண்ணீரின் அளவைப் பாட்டில் மேல் இருக்கும் கோட்டைப் பார்த்து எழுதாமல், நிரம்பிய பாட்டிலையும் காலி பாட்டிலையும் எடை போட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். தெளிந்த ஓடையில் 2.5 மில்லிகிராம்கூடத் தேறாவிட்டால் அடுத்த தடவை பெரிய பாட்டில் எடுத்து வாருங்கள், வேறு வழி இல்லை.

தானாக எடுக்கும் பெட்டியில் பாதி பாட்டில் காலி

குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது, இல்லை உறிஞ்சும் முனை இலையால் அடைத்திருக்கிறது, இல்லை பேட்டரி தீர்ந்துவிட்டது. குழாய் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும் இடம் இருந்தால் போன தடவையின் மண் இந்தத் தடவை பாட்டிலுக்கு வரும், இறக்கம் சீராக இருக்கும்படி கட்டுங்கள். கம்பியை முள்ளம்பன்றியும் பபூன் குரங்கும் கடிக்கும், இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். சோலார் தகடு சாலையிலிருந்து தெரியக் கூடாது, தெரிந்தால் அடுத்த வாரம் இருக்காது.

தெளிவுக் குழாயில் ஆளுக்கு ஒரு அளவு

மானி வாங்கப் பணம் இல்லாத குழுக்களுக்கு ஒரு மீட்டர் தெளிவுக் குழாய் நல்ல கருவி, ஓடையில் வாழும் பூச்சிகளை வைத்து தண்ணீரின் நலத்தைக் கணிக்கும் மினிசாஸ் கணக்கோடு சேர்த்து நம் பக்கத்துப் பள்ளிகளில் பயன்படுத்துகிறார்கள். அளவு ஆளுக்கு ஆள் மாறினால் முதலில் கருப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். குழாய் மனித நிழலிலோ நேர் வெயிலிலோ இல்லாமல் திறந்த வானத்து வெளிச்சத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கருப்பு வட்டத்தைக் காந்தத்தால் தள்ளிக்கொண்டே போய் மறையும் இடத்தை ஒரு தடவை, மறுபடி இழுத்துவந்து தெரியும் இடத்தை ஒரு தடவை பார்த்து, இரண்டின் நடுவை எழுதுங்கள். கண் பார்வை மங்கிய தாத்தா ஒருவரும் பேரப் பிள்ளை ஒருத்தியும் பார்த்தால் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், அதற்காக யாரையும் ஒதுக்க வேண்டாம், ஒரு ஓடைக்கு ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டு பெயரை நோட்டில் எழுதினால் போதும். குழாயின் முழு நீளத்துக்கும் வட்டம் தெரிந்தால் "100" என்று எழுதாமல் "100க்கு மேல்" என்று எழுதுங்கள். ஓடை பழுப்பாகப் பொங்கி ஓடும் நாளில் உள்ளே இறங்கவே வேண்டாம், பாலத்தின் மேல் நின்று கயிறு கட்டிய வாளியில் எடுத்தால் போதும், அதற்குப் பக்கத்தில் "வாளி, பாலம்" என்று குறித்துக்கொள்ளுங்கள்.